தொலைந்த டிஜிட்டல் குறிப்புகளை மீட்பதும், நம்பத் தகுந்த பேக்கப் வைப்பதும்

குறிப்பு காணாமல் போனதும் பலர் செய்யும் முதல் காரியம், ஆப்பை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போடுவது. மீட்க இருந்த வாய்ப்பு பல நேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டில் ஆப்பை நீக்கினால் அதன் உள்சேமிப்பும் சேர்ந்தே போய்விடும். சர்வருக்குப் போய்ச் சேராத குறிப்பு அந்த உள்சேமிப்பில் மட்டும்தான் இருந்திருக்கும். 'கிளியர் கேஷ்' கொடுப்பதில் பாதகமில்லை. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் ஸ்டோரேஜ்' பட்டனைத் தொட்டால் எல்லாம் போய்விடும். லாக் அவுட் செய்வதும் ஆபத்தே. சில ஆப்கள் லாக் அவுட் ஆகும்போது போனில் உள்ள நகலைத் துடைத்துவிடும்.

முதல் பத்து நிமிடம்

குறிப்பு இன்னும் திரையில் திறந்திருந்து, உள்ளே இருந்த எழுத்து மட்டும் அழிந்திருந்தால், அதை மூடாதீர்கள். பெரும்பாலான ஆப்களில் 'அன்டூ' வரலாறு குறிப்பை மூடியதும் போய்விடும். கணினியில் கன்ட்ரோல்-இசட். ஐபோனில் மூன்று விரலால் இடப்பக்கம் தேய்க்க வேண்டும். கூகுள் கீப்பில் கீழே உள்ள வளைந்த அம்புக்குறி. ஒரே தடவையில் வராது, எழுத்து திரும்பும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள்.

அடுத்து, அதே கணக்கில் இணைந்த வேறு சாதனம் உண்டா என்று யோசியுங்கள்: பழைய போன், டேப்லெட், எப்போதோ லாகின் செய்த மடிக்கணினி. அழித்த செய்தி அந்தச் சாதனத்துக்கு இன்னும் போய்ச் சேராமல் இருந்தால் குறிப்பு அங்கே உயிரோடு இருக்கும். அதை அப்படியே ஆன் செய்யக் கூடாது, ஆன் ஆன சில நொடிகளில் வைஃபையைப் பிடித்து அங்கேயும் அழித்துவிடும். முதலில் ரவுட்டரை அணையுங்கள், சிம் இருந்தால் கழற்றுங்கள், பிறகு ஆன் செய்து உடனே ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அதற்குப் பிறகு ஆப்பைத் திறந்து, முழு எழுத்தையும் நகலெடுத்து வேறொரு ஆப்பில் ஒட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவையுங்கள். இந்த ஒரு வழியில் திரும்பக் கிடைக்கும் குறிப்புகள், விலை கொடுத்து வாங்கும் மீட்பு மென்பொருளில் கிடைப்பதைவிட அதிகம் என்பதே எங்கள் கணிப்பு.

உண்மையில் அழிந்ததா?

காணாமல் போனதாகச் சொல்லப்படும் குறிப்புகளில் நிறைய, வேறு கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஐபோனின் நோட்ஸ் ஆப்பில் ஐகிளவுட், 'ஆன் மை ஐபோன்', ஜிமெயில் என்று தனித்தனி இடங்கள் உண்டு. ஜிமெயில் கணக்கில் எழுதப்பட்ட குறிப்பு, அந்தக் கணக்கை போனிலிருந்து நீக்கிய நொடியில் பட்டியலிலிருந்து மறைந்துவிடும், ஆனால் அழியாது. மெயில் கணக்குகளுக்கான செட்டிங்ஸில் அந்தக் கணக்கை மறுபடி சேர்த்து, 'நோட்ஸ்' என்ற சுவிட்சை ஆன் செய்தால் திரும்பி வரும். கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் 'நோட்ஸ்' என்ற லேபிளின் கீழேயே அதைப் படிக்கலாம். கீப்பில் ஒரு குறிப்பைப் பக்கவாட்டில் தேய்த்துவிட்டால் அது ஆர்கைவுக்குப் போகும், குப்பைக்கு அல்ல. மைக்ரோசாஃப்டின் ஒன்நோட்டில் சிங்க் (சாதனங்களுக்கிடையே குறிப்பை ஒன்றுபோல் வைக்கும் வேலை) குழம்பினால் முழுப் பகுதியே 'மிஸ்பிளேஸ்டு செக்‌ஷன்ஸ்' என்ற இடத்தில் ஒதுங்கியிருக்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை, எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியீடாகவோ, கொம்பும் காலும் தனித்தனி இரண்டு குறியீடாகவோ. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எல்லா ஆப்களின் தேடலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. வேறு கீபோர்டில் எழுதிய 'தோட்டம்' தேடலில் சிக்காமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். 'ட்டம்' என்று மட்டும் தேடுங்கள், அல்லது அந்தக் குறிகள் இல்லாத வேறொரு சொல்லைத் தேடுங்கள்.

குப்பைத்தொட்டியும் பழைய பதிப்பும்

ஒவ்வொரு ஆப்பும் அழித்த குறிப்பைக் குறிப்பிட்ட நாள்வரைதான் வைத்திருக்கும். மிகக் குறைவு கூகுள் கீப்: 7 நாள். ஆப்பிள் நோட்ஸின் 'ரீசன்ட்லி டெலீட்டட்' ஃபோல்டர் 30 நாள். சாம்சங் நோட்ஸ் 30, நோஷன் 30, ஒன்நோட்டின் 'நோட்புக் ரீசைக்கிள் பின்' 60 நாள். ஜாப்ளினில் 3.0 பதிப்பிலிருந்து குப்பைத்தொட்டி உண்டு, இயல்பாக 90 நாள். கூகுள் டிரைவ், தனிநபர் ஒன்டிரைவ் இரண்டிலும் 30 நாள்.

ஆனால் குப்பைத்தொட்டி உதவுவது முழுக் குறிப்பையும் அழித்தால்தான். உள்ளே இருந்த எழுத்தை அழித்துவிட்டு வேறொன்றை எழுதிவிட்டால் குப்பையில் எதுவும் இருக்காது. அதற்குப் பழைய பதிப்புகள் வேண்டும். ஒன்நோட்டில் பக்கத்தின் பெயர்மீது வலது கிளிக் செய்தால் பதிப்புகள் தெரியும். நோஷனின் இலவசக் கணக்கில் 7 நாள் வரலாறு கிடைக்கும். ஜாப்ளின் 90 நாள் வைத்திருக்கும். அப்சிடியனில் 'ஃபைல் ரெக்கவரி' என்ற உள்ளமைந்த வசதி, மாற்றம் இருக்கும்போது 5 நிமிட இடைவெளியில் ஒரு நகலெடுத்து 7 நாள் வைத்திருக்கும். செட்டிங்ஸில் அதைத் திறந்து கோப்பின் பெயரைக் கொடுத்தால் பழைய நகல்கள் வரிசையாக வரும். அந்த நகல்கள் உங்கள் வால்ட் ஃபோல்டருக்குள் (குறிப்புகள் இருக்கும் ஃபோல்டர்) இருப்பதில்லை, அந்தச் சாதனத்தின் ஆப் சேமிப்பில் இருக்கின்றன. எனவே எந்தக் கணினியில் எழுதினீர்களோ அதில்தான் தேட வேண்டும்.

ஆப்பிள் நோட்ஸில் பழைய பதிப்பு வசதி கிடையாது. மேக்கில் டைம் மெஷின் என்ற பேக்கப் வசதி ஓடிக்கொண்டிருந்தால் ஒரு வழி உண்டு. இணையத்தைத் துண்டித்து, நோட்ஸ் ஆப்பை மூடி, லைப்ரரிக்குள் 'குரூப் கன்டெய்னர்ஸ்' ஃபோல்டரில் 'குரூப்.காம்.ஆப்பிள்.நோட்ஸ்' என்பதை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவையுங்கள். பிறகு டைம் மெஷினில் பழைய நாளின் அதே ஃபோல்டரைக் கொண்டுவந்து வைத்து, ஆப்பைத் திறந்து, வேண்டிய எழுத்தை வெளியே எடுத்தபின் இப்போதைய ஃபோல்டரைத் திரும்ப வையுங்கள். இணையம் இருக்கும்போது இதைச் செய்தால் ஐகிளவுட் வந்து மறுபடி மாற்றிவிடும்.

கணினியில் சேமிக்காமல் மூடிய கோப்புகளுக்கு: வேர்டில் ஃபைல், இன்ஃபோ, 'மேனேஜ் டாக்குமென்ட்' வழியாக 'ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்' போங்கள். இவை 4 நாள்தான் இருக்கும். நோட்பேட் பிளஸ் பிளஸ் இயல்பாக 7 நொடிக்கு ஒருமுறை தன் 'பேக்கப்' ஃபோல்டரில் எழுதிவைக்கும். பெயர் கொடுக்காத தாளும் அதில் இருக்கும்.

டேட்டாபேஸ் கோப்பை எடுக்கும் முறை

பல குறிப்பு ஆப்கள் எழுத்தை எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் வைக்கின்றன. விண்டோஸின் பழைய ஸ்டிக்கி நோட்ஸ் நல்ல உதாரணம். ஆப்டேட்டா, லோக்கல், பேக்கேஜஸ் வழியாகப் போனால் ஸ்டிக்கி நோட்ஸ் பெயர் கொண்ட ஃபோல்டர் இருக்கும். அதன் 'லோக்கல்ஸ்டேட்'டுக்குள் 'பிளம்.எஸ்க்யூலைட்' என்ற கோப்பு. பக்கத்திலேயே அதே பெயரோடு 'வால்' (wal), 'எஸ்எச்எம்' (shm) என்று முடியும் இரண்டு கோப்புகளும் இருக்கும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். புதிதாக எழுதியது முதலில் 'வால்' கோப்பில்தான் சேரும். அளவு கூடிய பிறகே முதன்மைக் கோப்புக்குள் கலக்கும். முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் கடைசியாக எழுதியவை இருக்காது. ஆப்பைத் திறந்து மூடினாலோ, 'வால்' உள்ளே கலக்கப்பட்டு, அதிலிருந்து கிடைத்திருக்கக்கூடிய பழைய வடிவமும் போய்விடலாம். மூன்று கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் நகலெடுத்து, அந்த நகலைத்தான் 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்' போன்ற இலவச மென்பொருளில் திறக்க வேண்டும். இன்னொரு நகலைத் தொடாமல் வையுங்கள். டேட்டாபேஸில் ஒரு வரியை அழித்தாலும் அந்த இடத்தில் புதிதாக எதுவும் எழுதப்படும்வரை பழைய எழுத்து பெரும்பாலும் கோப்புக்குள்ளேயே கிடக்கும். தெரிந்தவர் கையில் கொடுத்தால் எடுத்துத் தருவார். ஆனால் ஆப்பிள் நோட்ஸ் எழுத்தைச் சுருக்கிச் சேமிப்பதால் வெறும் சொல் தேடலில் அது அகப்படாது.

டிஸ்கிலிருந்து மீட்பது எப்போது சாத்தியம்

சுழலும் ஹார்ட் டிஸ்கில் அழித்த கோப்பின் இடம் 'காலி' என்று குறிக்கப்படுமே தவிர உள்ளடக்கம் அப்படியே இருக்கும், வேறொன்று மேலே எழுதப்படும்வரை. எனவே கணினியை உடனே நிறுத்துங்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் இன்ஸ்டால் செய்யக் கூடாது, மீட்ட கோப்புகளையும் அதே டிஸ்கில் சேமிக்கக் கூடாது. மைக்ரோசாஃப்டின் இலவச 'விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி' வேறு டிரைவைக் கொடுக்காமல் ஓடவே ஓடாது. சமீபத்தில் அழித்தது, டிரைவ் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகக் கோப்புகளை அடுக்கும் முறை) வகை என்றால் அதன் 'ரெகுலர்' முறை போதும். ஃபார்மேட் செய்யப்பட்டது, மெமரி கார்டு, பென் டிரைவ் என்றால் 'எக்ஸ்டென்சிவ்'. ஃபோட்டோரெக்கும் நல்ல மென்பொருள்தான், ஆனால் அது கோப்பின் பெயரைத் தராது. ஆயிரக்கணக்கான எண் பெயர்க் கோப்புகளுக்குள் நீங்களே சொல் தேட வேண்டியிருக்கும்.

சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்கில் நிலைமை வேறு. கோப்பை அழித்ததும் இயங்குதளம் 'ட்ரிம்' என்ற கட்டளையை அனுப்பும், டிரைவ் அந்த இடத்தைத் தானே துடைத்துவிடும். மீட்ட கோப்பு சரியான பெயரோடும் அளவோடும் வந்து உள்ளே வெறும் சுழியாக இருந்தால் காரணம் இதுதான். ஒரு விதிவிலக்கு குறிப்பு எழுதுபவர்களுக்குச் சாதகமானது. என்டிஎஃப்எஸ்ஸில் சுமார் 700 பைட்டுக்குள் அடங்கும் சிறு கோப்புகள் தனி இடத்தில் வைக்கப்படுவதில்லை, கோப்புப் பட்டியலின் வரிக்குள்ளேயே எழுதப்படும். ட்ரிம் அதைத் தொடாது. தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட், 'கி' போன்ற உயிர்மெய்க்கு இரண்டு குறியீடு. ஆக 230 குறியீட்டுக்கு உட்பட்ட சின்னக் குறிப்பு எஸ்எஸ்டியிலும் மீளலாம், முயன்று பார்க்கத் தயங்காதீர்கள்.

போனின் உள்சேமிப்பைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறோம்: அழித்த குறிப்பை அங்கிருந்து தோண்டி எடுப்பதாகச் சொல்லும் ஆப்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். இன்றைய போன்களில் கோப்புகள், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி என்க்ரிப்ட் செய்யப்பட்டவை, அழித்ததும் ட்ரிம்மும் நடக்கும். அந்த ஆப்களால் மற்ற ஆப்களின் உள்சேமிப்பைப் பார்க்கவே முடியாது. 'ரூட் செய்தால் கிடைக்கும்' என்பார்கள். ரூட் செய்ய, அதாவது போனின் முழு அதிகாரத்தையும் பெற, போனைத் தொடக்கும் பூட்லோடர் மென்பொருளின் பூட்டைத் திறக்க வேண்டும், திறந்தால் போனே முழுதாகத் துடைக்கப்படும். ஆசையைக் கிளப்பிப் பணம் பறிக்கும் வேலை இது.

மீட்ட எழுத்து குழம்பியிருந்தால்

குழப்பத்தின் வகையைப் பார்த்தே பிழைக்குமா என்று சொல்லிவிடலாம். எல்லாம் சதுரக் கட்டங்களாகத் தெரிந்தால் ஃபான்ட் இல்லை என்று பொருள், எழுத்து பத்திரமாக இருக்கிறது. தலையில் சாய்கோடு போட்ட லத்தீன் எழுத்து மூன்றுக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தைக் கோப்பில் எழுதும் முறை) கோப்பைத் தவறான குறியாக்கத்தில் திறந்திருக்கிறீர்கள். எதையும் சேமிக்காமல் மூடி, குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று தேர்ந்து மறுபடி திறங்கள், தமிழ் வந்துவிடும். அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளோ வேறு லத்தீன் குறிகளோ கோவையாக இருந்தால் அது பாமினி, டாப், டிஸ்கி போன்ற பழைய குறியாக்கமாக இருக்கலாம், மாற்றி மென்பொருள் போதும். வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால் அந்தக் கோப்பில் தமிழ் இல்லை. யாரோ தமிழ் எழுத்து அடங்காத 'ஏஎன்எஸ்ஐ' குறியாக்கத்தில் சேமித்தபோதே போய்விட்டது, வேறு நகலைத்தான் தேட வேண்டும்.

சிங்க் என்பது பேக்கப் ஆகாது

நான்கு சாதனத்தில் குறிப்பு தெரிகிறது என்றால் நான்கு நகல் இருப்பதாக நினைத்துவிடுகிறோம். இருப்பது ஒரே நகல், நான்கு சன்னல். ஒன்றில் அழித்தால் நான்கிலும் அழியும், கணக்கு முடங்கினால் நான்கும் மூடும். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்கை அதன் உள்ளடக்கத்தோடு நீக்கலாம் என்பது கூகுளின் விதி, 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

போன் பேக்கப்பையும் நம்பிவிட வேண்டாம். ஐகிளவுட்டில் ஏற்கெனவே சிங்க் ஆகும் நோட்ஸ், ஐகிளவுட் பேக்கப்பில் சேர்க்கப்படுவதில்லை. பழைய பேக்கப்பைப் போனில் இறக்கினாலும் அழிந்த குறிப்பு வராது. ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப்பில் ஓர் ஆப்புக்கு 25 எம்பிதான் இடம், ஆப்பைச் செய்தவர் விரும்பினால் அதையும் நிறுத்தியிருக்கலாம்.

பேக்கப் என்றால், ஆப் இல்லாமலேயே திறந்து படிக்கக்கூடிய வடிவத்தில், தேதி போட்ட தனி நகல். வெறும் டெக்ஸ்ட், மார்க்டவுன் (சில குறிகள் மட்டும் சேர்த்த டெக்ஸ்ட்), எச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவம்) மூன்றில் ஒன்று. 2,000 குறிப்பு, சராசரி 5 கேபி என்று வைத்தால் மொத்தம் 10 எம்பிதான். கடைசி 7 நாள், 4 வாரம், 12 மாதம் என்று 23 நகல் வைத்தாலும் 230 எம்பியைத் தாண்டாது. படங்கள் சேர்ந்தால் கூடும். எழுத்துக்கு மட்டும் என்றால் பழைய நகலின்மேல் புதியதை எழுத எந்தக் காரணமும் இல்லை. ஃபோல்டர் பெயரை 2026-03-01 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் வையுங்கள், தானாக அடுக்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு ஆப்பிலிருந்தும் எடுக்கும் வழி:

கூகுள் கீப்: 'டேக்அவுட்' சேவையில் கீப்பை மட்டும் தேர்வு செய்யுங்கள். எச்டிஎம்எல், ஜேசன் (மென்பொருள்கள் படிக்கும் தரவு வடிவம்) இரண்டிலும் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என ஓராண்டுக்குத் தானாக எடுக்கச் சொல்லலாம், ஓராண்டு முடிந்ததும் மறுபடி போட வேண்டும். 'டிரைவில் சேர்' என்று கொடுக்காதீர்கள், அதே கணக்குக்குள் வைப்பதில் பயனில்லை. லிங்க் வந்ததும் இறக்கிவிடுங்கள், சில நாளில் காலாவதியாகும்.

ஆப்பிள் நோட்ஸ்: ஐஓஎஸ் 26, மேக்ஓஎஸ் 26 முதல் ஒரு குறிப்பை மார்க்டவுனாக எக்ஸ்போர்ட் செய்யலாம். மொத்தமாக வேண்டுமென்றால் ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் உங்கள் தரவின் நகலைக் கேளுங்கள், தயாராகச் சில நாள் ஆகும்.

ஒன்நோட்: விண்டோஸ் செயலியின் ஆப்ஷன்ஸில் 'சேவ் அண்ட் பேக்கப்' பகுதி. இடைவெளியை 1 நாளாகவும் நகல் எண்ணிக்கையை 10 ஆகவும் வைத்து, பேக்கப் ஃபோல்டரை வேறு டிஸ்குக்கு மாற்றுங்கள்.

நோஷன்: எக்ஸ்போர்ட்டில் துணைப் பக்கங்களையும் சேர்க்கும் சுவிட்சை ஆன் செய்யாவிட்டால் மேல் பக்கம் மட்டும்தான் வரும்.

அப்சிடியன்: வால்ட் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் போதும், மறைந்திருக்கும் அமைப்பு ஃபோல்டர் உட்பட. ஜாப்ளினில் 'ஜெக்ஸ்' எக்ஸ்போர்ட் இணைப்புகளையும் சேர்த்துத் தரும், பழைய பதிப்புகளைத் தராது.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்ற 3-2-1 முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்ல முறைதான். குறிப்புகளைப் பொறுத்தவரை 'வேறிடம்' என்பதோடு 'வேறு கணக்கு' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீ விபத்தைவிட, பாஸ்வேர்டு மறந்து கணக்கு மூடிக்கொள்வதே அதிகம் நடக்கும்.

பேக்கப்பே கெடும் விதங்கள்

கண்ணாடி போல மூலத்தை அப்படியே பிரதிபலிக்கும் 'மிரர்' முறையில் ஆர்சிங்க், ரோபோகாப்பி போன்ற நகலெடுக்கும் மென்பொருள்களை ஓட்டினால், மூலத்தில் அழிந்தது பேக்கப்பிலும் அழியும். மூல டிரைவ் இணைக்கப்படாமல் காலி ஃபோல்டராகத் தெரிந்த நேரத்தில் தானியங்கி வேலை ஓடினால் பேக்கப் முழுதும் காலியாகும். பழைய பதிப்பை ஒதுக்கிவைக்கும் ரெஸ்டிக், போர்க் போன்ற பேக்கப் மென்பொருள்களோ, பதிப்பு வசதியை ஆன் செய்த ஃப்ரீஃபைல்சிங்கோ இதற்குப் பொருத்தம்.

ஒன்டிரைவின் 'ஃபைல்ஸ் ஆன் டிமாண்ட்', மேக்கின் 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' இரண்டும் கோப்பின் பெயரை மட்டும் கணினியில் காட்டி உள்ளடக்கத்தை இணையச் சேமிப்பில் வைத்திருக்கும். அப்படிப்பட்ட ஃபோல்டரை பேக்கப் எடுத்தால் சில மென்பொருள்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடும். குறிப்பு ஃபோல்டரை 'எப்போதும் இந்தச் சாதனத்தில் வை' என்று மாற்றுங்கள். டேட்டாபேஸ் வைத்திருக்கும் ஆப்பை மூடிவிட்டு நகலெடுங்கள், ஓடும்போது எடுத்த நகல் அரைகுறையாக இருக்கலாம். எப்போதும் செருகியே இருக்கும் வெளி டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும், வேலை முடிந்ததும் கழற்றுங்கள். பென் டிரைவை மின்சாரம் இல்லாமல் பல ஆண்டு அலமாரியில் வைத்தால் அதன் மின்னூட்டம் கசியும். ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுதிவிடுங்கள்.

திறந்து பாருங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்தக் கணக்கு இல்லாத வேறு கணினியில் கடைசி நகலைத் திறக்க வேண்டும். ஆப் காட்டும் குறிப்பு எண்ணிக்கையும் கோப்பு எண்ணிக்கையும் பொருந்துகின்றனவா, மிகப் பழைய குறிப்பும் நேற்றைய குறிப்பும் இருக்கின்றனவா, படம் இணைத்த குறிப்பில் படம் திறக்கிறதா, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கால் மணி நேர வேலை. எண்ணிக்கை குறைந்தால் முதலில் பூட்டிய குறிப்புகளைச் சந்தேகியுங்கள். அவை எக்ஸ்போர்ட்டில் விடுபடலாம். ஆப்பிள் நோட்ஸில் தனிப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய குறிப்பின் பாஸ்வேர்டு மறந்தால் ஆப்பிளாலும் திறக்க முடியாது. ரீசெட் செய்வது இனி எழுதும் குறிப்புக்குத்தான் பொருந்தும்.

நகலை 7-ஜிப் என்ற சுருக்கும் மென்பொருளில் பாஸ்வேர்டு போட்டு வைப்பவர்கள் அந்தப் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, டிஸ்க் இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். அதே தாளில் கூகுள் கணக்கின் பேக்கப் கோடுகளையும் (போன் இல்லாதபோது உள்நுழைய உதவும் எண்கள்) சேர்த்துவிடலாம். 8 இலக்கத்தில் 10 கோடுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். போன் தொலைந்தால் குறிப்புகளோடு ஓடிபி வரும் வழியும் போய்விடும். அப்போது கணக்குக்குள் நுழைய இந்தத் தாள்தான் இருக்கும்.